முட்டும் மாட்டுக்கு யார் பொறுப்பு?



மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. அது படும் பக்கம் படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமான இந்த வாவி நம் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. எழுவான்கரையில் பட்டினம், பெரிய பாடசாலைகள், பெரிய வைத்தியசாலை, கடைத்தெரு. படுவான்கரையில் வயல், குளம், காடு. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்பு, முன்னர் படகுப் பாதைக்காகத் துறையில் காத்துக் கிடந்த மக்கள் சில நிமிடங்களில் வாவியைக் கடந்துவிடுகிறார்கள். நெல்லும் பாலும் இக்கரைக்கு வருகின்றன. சீமெந்தும் சீனியும் அக்கரைக்குப் போகின்றன. ஆனால் பாலம் வந்த பின்பும் அக்கரையிலேயே தங்கிவிட்ட ஒன்று உண்டு. அதுதான் யானைப் பயம்.

எழுவான்கரைப் பிள்ளை யானையைப் பாடப் புத்தகத்தில் பார்க்கிறது. படுவான்கரைப் பிள்ளையோ இரவு வேளையில் வீட்டுக்குப் பின்னால் வாழைமரம் முறியும் சத்தத்தில் அதை அறிகிறது. ஒரே மாவட்டம், ஒரே விலங்கு. ஒருவருக்கு அழகாகத் தெரிவது மற்றவருக்கு ஆபத்தாக நிற்கிறது.

ஆகவே இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: உயிரைப் பறிக்கக்கூடிய விலங்கோடு ஒரே மண்ணில் வாழ நேரும்போது நம் கடமை யாது? அந்த விலங்குக்கு நாம் எதற்குக் கடமைப்பட்டிருக்கிறோம்? அதனருகே வாழும் அயலானுக்கு எதற்குக் கடமைப்பட்டிருக்கிறோம்?

நிலைமை என்ன?

வாகரை, கிரான், புல்லுமலை, உன்னிச்சை, வவுணதீவு, வெல்லாவெளி என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தால், யானையால் துன்புறாத பற்று ஏதும் காட்டோரத்தில் இல்லை எனலாம். பெரும்போக நெல் கதிர் தள்ளும் காலத்தில் வட்டைகளில் காவல் இருக்க வேண்டும். பரணில் இருந்து விடிய விடியக் கண் விழித்தவர் காலையில் கூலி வேலைக்குப் போக முடியாது. மாலை மயங்கியபின் கடைக்குப் போகவும் அஞ்ச வேண்டும். மூட்டை நெல்லை வீட்டுக்குள் அடுக்கி வைத்தால், அந்த மணத்துக்கே தனியன் வந்து சுவரை இடிக்கும். நாள் ஒன்றுக்குச் சுமார் 150 கிலோ உணவு தேடும் விலங்குக்கு ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோறு ஓர் இரவுக்கு உதவும்.

நாடு முழுவதையும் நோக்கினால், 2011ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு இலங்கைக் காடுகளில் 5,879 யானைகள் இருப்பதாகக் கூறியது. 2023ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. 150க்கு மேற்பட்ட மனிதர்கள் யானைகளால் உயிரிழந்தனர். போர் இல்லாத ஓர் ஆண்டில் இவ்வளவு சாவு! இரு பக்கத்திலும் சாவதற்கு ஆள் இருக்கிறது. அதனால்தான் இதை வெறும் விவசாயப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாமல் மனச்சாட்சியின் பிரச்சினையாகக் கொள்கிறோம்.

இக்கேள்விக்குப் பொதுவாக மூன்று மறுமொழிகள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஒன்றாவது போதியதாக இல்லை.

முதலாம் மறுமொழி: "விதி"

செத்த வீட்டில் இந்தச் சொல்லை அடிக்கடி கேட்கிறோம். "அவருக்கு அவ்வளவுதான் ஆயுள், ஆண்டவருடைய சித்தம்" என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சொல்வார்கள். துயரத்தில் இருப்பவருக்கு ஆறுதலாக இதைச் சொல்வது வேறு. நடந்ததற்கு விளக்கமாக இதைச் சொல்வது வேறு. வேலி அறுந்து கிடந்ததும், வீதியில் விளக்கு இல்லாததும், திருத்துவதாகச் சொன்னவர் வராததும் ஆண்டவருடைய சித்தமா? மனிதர் செய்யாமல் விட்டதை இறைவன் தலையில் சுமத்துவது பக்தியாகாது. அது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதற்கு நாம் கண்டுபிடித்த மரியாதையான வழி.

இரண்டாம் மறுமொழி: "அழித்துவிடுவோம்"

இதுவும் இந்நாட்டுக்குப் புதியதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில், பயிருக்குப் பகை என்று யானைக்குத் தலைப்பணம் வைத்தார்கள். 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாகக் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ட் எழுதிவைத்தார். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற அதிகாரி தனி ஒருவராக 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேரெடுத்தார். அவர் 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். மக்கள் அதில் ஒரு தண்டனையைக் கண்டு கதை சொன்னார்கள். நாம் அந்தத் தீர்ப்புக்குள் போக வேண்டியதில்லை. கேட்க வேண்டியது ஒன்றே: அத்தனை ஆயிரம் யானைகளைக் கொன்றதால், காட்டோரத்து ஏழைக் கமக்காரன் நிம்மதியாக உறங்கினானா? மலைநாட்டுக் காடு வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் எழுந்தன. ஆதாயம் தோட்டத் துரைமாருக்குப் போயிற்று. சேனைக்காரன் இருந்த இடத்திலேயே இருந்தான்.

மேலும், படைக்கப்பட்ட ஓர் இனத்தை அடியோடு துடைத்தெறிய மனிதனுக்கு உரிமை இல்லை. வெள்ளத்துக்குப் பின் இறைவன் செய்த உடன்படிக்கை நோவாவோடு மட்டும் செய்யப்பட்டதன்று. பேழையிலிருந்து இறங்கிய எல்லா உயிர்களோடும் செய்யப்பட்டது என்று ஆதியாகமம் கூறுகிறது. அந்த உயிர்களுள் சாதுவானவையும் இருந்தன, கொடியவையும் இருந்தன.

மூன்றாம் மறுமொழி: "காட்டுக்குள் போனது மனிதன்தானே"

இது படித்தவர்களின் மறுமொழி. "யானையின் வீட்டில் மனிதன் புகுந்தான், ஆகவே யானை மனிதன் வீட்டில் புகுகிறது" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த மனிதன் புகுந்தான் என்று கேட்டால் கதை மாறும்.

படுவான்கரையின் பல ஊர்கள் நேற்று முளைத்தவை அல்ல. குளக்கட்டும் கோயிலும் அவற்றின் பழமைக்குச் சாட்சி. நம் மாகாணத்தின் பெரிய காடழிப்புகளைச் செய்தவர் கைக்கத்தியோடு போன ஏழை அல்லர். கல்லோயாத் திட்டத்தை 1949இல் தொடங்கியது அரசு. சேனாநாயக்க சமுத்திரத்தைக் கட்டி, காட்டை வெட்டி, குடிகளைக் கொண்டுவந்து இருத்தியது அரசு. 1954இல் அதே பகுதியில் கல்லோயா தேசிய வனத்தைப் பிரகடனம் செய்ததும் அரசே. பின்னர் மகாவலித் திட்டம் மேற்கிலே வந்தது. 1983இல் மாதுறு ஓயா தேசிய வனமும் வந்தது. இவை நாட்டுக்குச் சோறு தந்த திட்டங்கள். அவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் அத்திட்டங்களின் விளைச்சலை முழு நாடும் உண்டது. அவற்றால் வழி மறிக்கப்பட்ட யானைகளின் கோபத்தை மட்டும் காட்டோரத்து மக்கள் தனியே உண்ண வேண்டும் என்பது எந்த நீதி?

அதற்குமேல் போர் வந்தது. எத்தனையோ குடும்பங்கள் வயலையும் வளவையும் விட்டு ஓடின. மனிதர் இல்லாத வயலில் பற்றை வளர்ந்தது, பற்றை காடாயிற்று, காட்டுக்கு யானை வந்தது. 2007க்குப் பின் திரும்பி வந்தவர்கள் தங்கள் பிறந்த மண்ணிலேயே புதிதாகக் குடியேறியவர்கள் போல ஆனார்கள். அவர்களைப் பார்த்து, "காட்டுக்குள் போனது நீங்கள்தானே" என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

இலங்கையில் யானை நடமாடும் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று நாடளாவிய ஆய்வு ஒன்று 2021இல் வெளிப்படுத்தியது. ஆகவே இந்தப் பக்கம் மனிதன், அந்தப் பக்கம் யானை என்று கோடு கிழித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது இந்நாட்டில் நடவாத காரியம். சேர்ந்து வாழ்வதா இல்லையா என்ற தேர்வு நம் கையில் இல்லை. எப்படி வாழ்வது என்பதே கேள்வி.

பழைய சட்டம் ஒன்று

நிற்க. இந்த இடத்தில் யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் உள்ள ஒரு சட்டத்தை வாசகர்களின் நினைவுக்குக் கொண்டுவர விரும்புகிறோம். வயலும் மந்தையுமாக வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு அளிக்கப்பட்ட சட்டம் அது. நம் மக்களுக்கும் எளிதில் விளங்கும்.

ஒருவனுடைய மாடு ஒரு மனிதனை முட்டிக் கொன்றுவிட்டால் என்ன செய்வது? மாட்டைக் கொல்ல வேண்டும். மாட்டுக்காரன் மேல் குற்றமில்லை. ஆனால் அந்த மாடு முன்பே முட்டும் பழக்கம் உள்ளதாக இருந்து, அது உடையவனுக்கு எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டிருந்தும், அவன் அதைக் கட்டி வைக்காமல் விட்டிருந்தால்? அப்போது மாடு மட்டுமன்றி, உடையவனும் அந்த உயிருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இச்சட்டத்தின் தண்டனையை இன்று யாரும் அப்படியே நிறைவேற்றுவதில்லை. அதன் உள்ளே இருக்கும் நியாயமோ அன்று போல் இன்றும் செல்லும். முதலாவது, ஒரு மனித உயிர் போனால் அது விபத்து என்று கைகழுவிவிட முடியாது. கணக்குக் கேட்கப்பட வேண்டும். இரண்டாவது, தெரியாமல் நடந்ததற்கும் தெரிந்தும் தடுக்காததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஆபத்தை அறிந்த நாளிலிருந்து அறிந்தவன் பொறுப்பாளியாகிறான்.

"மாடு வீட்டு விலங்கு, அதற்கு உடையவன் உண்டு. காட்டு யானைக்கு யார் உடையவன்?" என்று வாசகர் கேட்கலாம். நல்ல கேள்விதான். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அனுமதியின்றி யானையைக் கொல்வதைத் தடுக்கிறது. இது வேண்டிய சட்டம். இல்லாவிட்டால் இன்று யானையே இருந்திராது. ஆனால் "நீ இதன் மேல் கை வைக்காதே" என்று ஒருவனிடம் சொல்லும் அதிகாரம், "இது உன் மேல் கை வைக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற கடமையையும் கூடவே கொண்டுவருகிறது. காவலை எடுத்துக்கொண்டவன் பொறுப்பையும் எடுத்துக்கொண்டான். யானை வாழ வேண்டும் என்று விரும்பும் நாம் அனைவரும் அந்த அளவுக்கு அதன் உடையவர்களே.

எச்சரிக்கை கிடைத்ததா?

கிடைத்தது, ஒரு முறையன்று, பல முறை. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹபரணைப் பகுதியில் கருவுற்ற யானை ஒன்றும் இரண்டு குட்டிகளும் புகையிரதத்தில் மோதி இறந்தன. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் அதே வட்டாரத்தில், மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குச் சென்ற இரவுப் புகையிரதம் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. ஆறு யானைகள் மாண்டன. பயணிகளுக்குச் சேதமில்லை. அந்தப் புகையிரதம் நாம் ஏறிப் போகும் புகையிரதம். முதல் மோதலை அறியாமை என்று சொல்லலாம். ஆறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து நடந்ததை என்னவென்று சொல்வது?

யானையைப் பிடித்து லொறியில் ஏற்றித் தூரத்துக் காட்டில் விட்டால் தொல்லை தீரும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 12 ஆண் யானைகளை அவ்வாறு கொண்டுபோய் விட்டு, கருவி பொருத்திப் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2012இல் வெளியாயிற்று. சில திரும்பி வந்தன. சில வழியெங்கும் அலைந்தன. விட்ட வனத்துக்கு வெளியே புதிய ஊர்களில் புதிய தொல்லை பிறந்தது. தொல்லையைத் தீர்க்காமல் வேறோர் ஏழையின் வளவுக்கு அனுப்பிவைத்ததுதான் கண்ட பலன்.

மின்சார வேலியும் அப்படியே. நாட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேலி போடப்பட்டிருக்கிறது. ஆயினும் அவற்றுள் பல, வனசீவராசிகள் திணைக்களத்தின் காட்டுக்கும் வனத் திணைக்களத்தின் காட்டுக்கும் இடையே உள்ள எல்லையில் போடப்பட்டவை. வேலிக்கு இந்தப் பக்கமும் யானை. அந்தப் பக்கமும் யானை! வரைபடத்தில் கோடு நேராக இருக்கிறது. யானை வரைபடம் பார்ப்பதில்லை. ஆகவே 2020ஆம் ஆண்டின் இறுதியில் அரசிடம் கையளிக்கப்பட்ட தேசிய செயற்றிட்டம், வேலியைக் காட்டைச் சுற்றிப் போடாமல் ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடச் சொல்லியது. வயல் வேலியை விதைப்போடு போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். பின்பு தாள் மேய யானை வரலாம். வேலியைப் பராமரிப்பவர்கள் அந்த ஊரவர்களே. வழி சொல்லப்பட்டுவிட்டது. சொல்லப்பட்ட பின் நடக்கும் ஒவ்வொரு சாவும் யாத்திராகமத்தின் இரண்டாம் வகை மாட்டுக்காரனுடைய கணக்கில்தான் சேரும்.

அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டில் திறந்த வெளியில் குப்பை கொட்டுகிறார்கள். அதைத் தின்னப் பழகிய யானைகளுள் ஏறத்தாழ 20, எட்டு ஆண்டுகளில் பிளாஸ்டிக்கை விழுங்கி இறந்தன என்று 2022 சனவரியில் செய்தி வந்தது. சாப்பாட்டுப் பொதியின் சொப்பிங் பையைக் காட்டில் எறிந்தது யானை அல்ல. ஆயித்தியமலைச் சதாசகாய மாதாவின் திருத்தலத்துக்குப் படுவான்கரை வழியாக யாத்திரை போகும் நாமும், வழிநெடுக எதை விட்டுவிட்டு வருகிறோம் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

கமக்காரன் என்ன செய்யலாம்?

இனி, மிகக் கடினமான கேள்விக்கு வருவோம். படுவான்கரைக் கமக்காரர் ஒருவர் நம் முன் வந்து, "சுவாமி, யானைக்கும் பசி, எனக்கும் பசி, ஆனால் வங்கிக் கடன் எனக்குத்தானே இருக்கிறது. நான் என்ன செய்ய?" என்று கேட்டால் என்ன சொல்வோம்?

முதலில் தெளிவானதைச் சொல்வோம். தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க வேறு வழியில்லாத வேளையில், பாய்ந்து வரும் விலங்கைக் கொல்வது பாவமன்று. மனித உயிருக்கும் விலங்கின் உயிருக்கும் ஒரே விலை என்று திருச்சபை ஒருபோதும் கற்பித்ததில்லை. அதே வேளையில், விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே இழுக்கு என்று 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பூசணிக்காய்க்குள்ளும் வேறு தீனிக்குள்ளும் வெடி மறைத்து வைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. சிங்களத்தில் அதனை 'ஹக்க பட்டாஸ்' என்கிறார்கள். பன்றிக்கு என்று வைக்கிறார்கள். யானைக் குட்டி கடிக்கிறது. தாடை சிதறுகிறது, நாக்குக் கிழிகிறது. அந்த விலங்கு தின்னவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்காகப் பட்டினி கிடந்து சாகிறது. இதைத் தற்காப்பு என்று சொல்ல முடியாது. அங்கே யாருடைய உயிரும் ஆபத்தில் இல்லை. வைத்தவன் வீட்டில் உறங்குகிறான்.

வீட்டு மின்சாரத்தை நேரே இழுத்து வயலைச் சுற்றிக் கம்பி கட்டுவதும் அவ்வாறே. முறையான யானை வேலியில் மின்சாரம் விட்டுவிட்டு ஒரு கணம் பாயும், அடிக்கும், கொல்லாது. நேர்க்கம்பியோ தொட்டதைக் கொல்லும். அது யானையையும் பன்றியையும் பசுவையும் பிரித்தறியாது. விடியற்காலையில் தண்ணீர் பார்க்க வரும் பக்கத்து வயல்காரனையும் பிரித்தறியாது. தன் ஆபத்தை யாரென்று பாராமல் அடுத்தவன் மேல் தள்ளிவிடும் எந்தக் காவலும் அறமாகாது. காவலில் இருப்பவன் முன்னின்று காக்கிறான். கண்ணியும் வெடியும் வைப்பவன் தான் மறைந்துகொண்டு, வருகிறவன் யாராயினும் சாகட்டும் என்று விடுகிறான்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு நம் கடமை முடிந்தது என்று எழுந்து போவோமாகில், அது பரிசேயருடைய நீதியாகும். மூன்று போகம் இழந்தவன், நான்காம் போகத்தில் வெடி வைத்தால், அந்தப் பாவத்தில் அவனுக்கு ஒரு பங்கு உண்டு. அவனை அந்த நிலைக்கு வரவிட்டவர்களுக்கும் பங்கு உண்டு. யானை வெடிக்காகவும், அறுந்த வேலியைத் திருத்தவும், நட்டஈட்டுக்காகவும் ஒரு மனிதனைத் திரும்பத் திரும்ப அலையவிட்ட பின்பு, அவன் பொறுமை இழந்துவிட்டான் என்று குறை கூறுவது எளிது.

வீட்டுக்குள் வரும் ஆபத்து

யானையைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. இலங்கையில் யானையைவிட அதிகமானோரைக் கொல்வது பாம்பு. 2012, 2013ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் வீடு வீடாக நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, ஓராண்டில் சுமார் 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாவதாகவும் 400க்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. யானை வந்தால் ஊரே கூடுகிறது. பத்திரிகையில் படம் வருகிறது. பாம்பு வந்தால் ஒரு குடும்பம் மட்டும் அழுகிறது.

கண்ணாடிப் புடையன் வயலிலே கடிக்கும். எட்டடி விரியனோ இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடி பட்டவருக்குப் பெரும்பாலும் நோவு கூடத் தெரியாது. விடியும்போது கண் இமை தொங்கி, மூச்சு அடைக்கும். ஆகவே ஏழையின் பாயே இங்கே ஆபத்தான இடம். ஒரு கட்டிலும், பாய்க்கடியில் சுற்றிச் செருகிய ஒரு நுளம்புவலையும், வெளியே போகும்போது ஒரு டோர்ச் லைட்டும் பல உயிர்களைக் காக்கும். கடித்த இடத்தை வெட்டுவதிலும் உறிஞ்சுவதிலும் நேரம் போக்காமல், கையைக் காலை அசைக்கவிடாது வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷத்தை முறிக்கும் மருந்து அங்கேதான் இருக்கிறது.

யாத்திராகமத்தின் சட்டம் இங்கே நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. அரசை நோக்கி "உனக்கு எச்சரிக்கை கிடைத்ததே" என்று கேட்கிறோம். வீட்டுத் தலைவரும் அதே கேள்விக்கு மறுமொழி சொல்ல வேண்டாமா? கோயில் பெருநாளுக்கு வெடி வாங்கப் பணம் இருக்கிறது. பிள்ளைக்கு நுளம்புவலை வாங்கப் பணம் இல்லை என்றால், அதுவும் தெரிந்தே கட்டாமல் விட்ட மாடுதான்.

வாவி முதலையும் இப்படியே. மீன் கழிவையும் இறைச்சிக் கழிவையும் துறையில் கொட்டினால், முதலை அந்தத் துறைக்கு வரப் பழகும். கொட்டியவர் வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் அதே துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் பிடிப்பவர் யாரோ ஒருவர். தென்பகுதியில், மாத்தறையை அண்டிய நில்வளா கங்கையில், குளிப்பவர்களைக் காக்கத் துறையைச் சுற்றிக் கம்பிக் கூடு அமைத்திருக்கிறார்கள். முதலை ஆற்றில் இருக்கட்டும். மனிதன் கூட்டுக்குள் நின்று குளிக்கட்டும். யாரும் யாரையும் கொல்லத் தேவையில்லாத ஏற்பாடு அது. பெருஞ்செலவு பிடிக்கும் காரியமும் அன்று.

கூபியோ ஊரின் ஓநாய்

அசிசி நகர்ப் புனித பிரான்சிசைப் பற்றிய கதைகளுள் கூபியோ ஊரின் ஓநாயைப் பற்றிய கதையை நம் பிள்ளைகளும் அறிவார்கள். மனிதரைக் கொன்று தின்ற ஓநாயிடம் புனிதர் சென்று பேசினார். அது அடங்கியது என்றுதான் பெரும்பாலும் சொல்லி முடித்துவிடுகிறோம். கதையின் மற்றப் பாதியை விட்டுவிடுகிறோம். ஓநாய் பசியால்தான் கொன்றது என்று கண்ட பிரான்சிசு, இனி அதற்கு நாள்தோறும் உணவளிப்பதாக ஊராரிடம் வாக்கு வாங்கினார். ஓநாய் ஊரைத் தொடுவதில்லை. ஊர் ஓநாயைப் பட்டினி போடுவதில்லை. சமாதானத்துக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையை ஓநாயிடம் கடிபட்டவர்கள் மட்டும் கொடுக்கவில்லை. கூபியோ ஊர் முழுவதும் பங்கு போட்டுக் கொடுத்தது.

யானைக்கு நாம் சோறு ஊட்ட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. வீதியோரத்தில் யானைக்குப் பழம் கொடுப்பது அதைக் கெடுப்பதேயாகும். கதையின் பொருள், சமாதானத்தின் செலவு பொதுச் செலவு என்பதே. இன்று அந்தச் செலவின் பட்டியல் நீண்டதன்று: வேலிக்குக் கம்பியும் மின்கலமும், கம்பியில் படரும் கொடியை வாரந்தோறும் வெட்ட ஆட்கள், வீதிக்கு விளக்கு, காவல் இருப்பவனின் இழந்த கூலி, அழிந்த பயிருக்குத் தாமதமில்லாத நட்டஈடு, புகையிரதம் காட்டுக்குள் மெதுவாகப் போவதால் நமக்கு ஏற்படும் அரை மணி நேரத் தாமதம். கடைசியில் சொன்னதைக் கூடப் பொறுக்க மாட்டோம் என்றால், யானையை நேசிப்பதாக நாம் சொல்வதற்கு மதிப்பு என்ன?

வாசகர்களே, காரியத்தில் இறங்குவோம். எழுவான்கரையில் உள்ள பங்குகளில் சமூகப் பணிக் குழுக்களும் இளைஞர் மன்றங்களும் இருக்கின்றன. படுவான்கரையிலே ஓர் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஊர் கத்தோலிக்க ஊராக இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை; யானை மதம் பார்த்து வருவதில்லை. அந்த ஊரின் வேலிக் குழு யார் என்று கேளுங்கள். குழு இல்லையென்றால் அமைக்க உதவுங்கள். இருந்தால், இவ்வாண்டு அவர்களுக்கு என்ன குறை என்று கேளுங்கள். வேலியில் எந்த இடம் அறுந்தது, எந்த நாளில் யாருக்கு அறிவித்தார்கள், யார் எந்த நாளில் வந்தார்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எழுதிவைத்த எச்சரிக்கையை "எங்களுக்குத் தெரியாது" என்று எந்த அலுவலகமும் மறுக்க முடியாது. அந்தக் கொப்பியோடு பிரதேச செயலகத்துக்குப் போகும் கமக்காரரோடு நீங்களும் ஒருவர் கூடப் போங்கள். படித்த ஒருவர் பக்கத்தில் நின்றால் கதவு சற்று விரைவாகத் திறக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

நம் மேசையில் இருக்கும் சோற்றில், ஒருவர் பரணில் கண் விழித்த இரவுகள் உண்டு. அவருடைய நெல்லை வாங்கும்போது விலை பேசுகிறோம்; அவருடைய இரவுக்கு இதுவரை நாம் விலை கொடுத்ததில்லை. வரும் பெரும்போகம் கதிர் தள்ளுவதற்கு முன் அந்தக் கணக்கைத் தொடங்குவோம்.